டிஎம் அனுப்பினால் லைப்ரரி கார்டு!

இன்ஸ்டாகிராமில் ஒரு நாவலை முழுசாகப் படித்திருக்கிறீர்களா? அட்டைப்படத்துக்குப் பக்கத்தில் காபிக் கோப்பையை வைத்து எடுப்பார்களே, அந்தப் படத்தைச் சொல்லவில்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நாவலே இன்ஸ்டாவில்! நான் படித்தேன். நியூயார்க் சப்வேயில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் போனை வைத்துக்கொண்டு படித்தேன். பக்கத்தில் முதுகுப்பையோடு நின்ற ஸ்கூல் பையன் என் போனை எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, “இது என்ன?” என்று கேட்டான். காட்டினேன். அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் அவன் போனிலும் அதே பக்கம் திறந்திருந்தது. புத்தகம் கொடுத்தது ஒரு பொது நூலகம். காசு கேட்கவில்லை, கார்டு கேட்கவில்லை, பெயர்கூடக் கேட்கவில்லை.

நியூயார்க் பொது நூலகம் 2018 ஆகஸ்டில் தொடங்கிய காரியம் இது. ‘இன்ஸ்டா நாவல்ஸ்’ என்று பெயர். மதர் என்ற விளம்பர நிறுவனத்தோடு சேர்ந்து, லூயிஸ் கரோலின் ஆலிஸ் கதையை முதலில் ஸ்டோரியாக ஏற்றினார்கள். பின்னாலேயே சார்லட் பெர்க்கின்ஸ் கில்மனின் ‘த யெல்லோ வால்பேப்பர்’, காஃப்காவின் ‘உருமாற்றம்’ என்று வரிசையாக வந்தன.

ஸ்டோரியின் குணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். சில விநாடி நிற்கும், பிறகு தானாக ஓடிவிடும். நாலு வரி படிப்பதற்குள் அடுத்தது வந்து முகத்தில் மோதும். விரலால் அழுத்திப் பிடித்தால் மட்டுமே நிற்கும். படிக்கிறவருக்கு இது பெரிய தொல்லை இல்லையா? அந்தத் தொல்லையைத்தான் இவர்கள் பிடித்துக்கொண்டார்கள்! பக்கத்தின் அடியில் கட்டைவிரல் வைப்பதற்கென்றே ஒரு குட்டிப் படம். அதன்மேல் விரலை வைத்தால் பக்கம் அசையாமல் நிற்கிறது. படித்து முடித்து விரலை எடுத்தால் பக்கம் புரள்கிறது. காகிதப் புத்தகத்தை ஒற்றைக் கையில் பிடிக்கும்போது கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பிடித்துப் பாருங்கள். அதே இடம்! இதை யோசித்த தலைக்கு ஒரு பட்டு சால்வை போர்த்தலாம். பின்னணி, கண்ணைப் பறிக்கும் வெள்ளையாக இல்லாமல் கொஞ்சம் வெதுவெதுப்பான வெள்ளை. எழுத்துரு ஜார்ஜியா. ஆலிஸுக்கு மாகோஸ் என்ற ஓவியரின் அசையும் படங்கள். ஒரே நாளில் மறைந்துபோகவேண்டிய ஸ்டோரியை, கணக்கின் முகப்பில் இருக்கும் ஹைலைட்ஸ் வட்டங்களுக்குள் சேர்த்து வைத்துவிட்டார்கள். பிறகு எப்போது வேண்டுமானாலும் போய்த் திறந்து படிக்கலாம்.

எனக்கு இதில் எது பிடித்தது என்று கேட்டால் ஒரே பதில்தான். ஊர் உலகத்தில் எத்தனையோ நூலகங்கள் சமூக வலைத்தளத்தில் கணக்கு வைத்திருக்கின்றன. உள்ளே போய்ப் பார்த்தால் ரிப்பன் வெட்டும் படம், பொன்னாடை போர்த்தும் படம், ‘வாசிப்பை நேசிப்போம்’ என்ற வாசகம், திங்கட்கிழமை விடுமுறை என்ற அறிவிப்பு. பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி இதைப் பார்த்ததும் விரலை நிறுத்துவாள் என்று யாராவது உண்மையிலேயே நம்புகிறார்களா? “இங்கே வா, இங்கே வா” என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பது ஒன்று. அவள் இருக்கிற இடத்துக்கே போய்ப் புத்தகத்தைக் கையில் திணித்துவிட்டு வருவது வேறு. நியூயார்க்காரர்கள் இரண்டாவதைச் செய்தார்கள்.

நேரமும் பார்த்துத்தான் செய்தார்கள். அந்த 2018 இல் பியூ ஆய்வு மையம் எடுத்த கணக்கில் அமெரிக்கப் பதின்வயதினரில் 72 விழுக்காட்டினர் இன்ஸ்டாகிராமில் இருந்தார்கள். நாலு வருடம் கழித்து, 2022 இல், அதே மையத்தின் கணக்கில் ஃபேஸ்புக்கில் இருந்த பிள்ளைகள் 32 விழுக்காடுதான், டிக்டாக்கில் 67. அதற்கு ஏழெட்டு வருடம் முன்னால் ஃபேஸ்புக்கில் 71 விழுக்காடு இருந்தவர்கள்! ஃபேஸ்புக்கில் மட்டும் கூட்ட அறிவிப்பைப் போட்டுவிட்டு, “இந்தக் காலத்துப் பிள்ளைகள் வரமாட்டேன் என்கிறார்கள்” என்று அலுத்துக்கொள்ளும் நூலகங்களை நினைத்தால் சிரிப்பு வருகிறது. பிள்ளைகள் வீடு மாற்றிப் போய்விட்டார்கள் ஐயா! பழைய விலாசத்துக்கே கடிதம் போட்டுக்கொண்டிருந்தால் எப்படி?

இதற்கு ஒரு முன்கதை உண்டு. அதைச் சொன்னால்தான் என் குதூகலம் உங்களுக்குப் புரியும். 2006 வாக்கில் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு எல்லாம் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம்தான். நூலகக் கணினியில் இடம் கிடைத்தால் அதைத்தான் திறப்பார்கள். பெரியவர்களுக்கோ வயிற்றைக் கலக்கியது. கெட்டவர்கள் பிள்ளைகளை இணையத்தில் வளைத்துவிடுவார்கள் என்ற பயம். அது வெறும் பயம் என்று தள்ளிவிடவும் முடியாது. ஆனால் அதற்கு அவர்கள் கண்டுபிடித்த மருந்து இருக்கிறதே! மத்திய அரசின் இணைய மானியம் வாங்கும் பள்ளிகளும் நூலகங்களும் இந்த மாதிரித் தளங்களை அடைத்துவிட வேண்டும் என்று ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். 2006 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் 410க்கு 15 என்ற கணக்கில் நிறைவேறியே விட்டது. செனட்டில் முடங்கிப்போனதால் பிழைத்தோம்.

அந்தக் கலவரத்துக்கு நடுவிலும் சில நூலகர்கள் அசராமல் நின்றார்கள். வீட்டில் கணினி இல்லாத பிள்ளைக்கு நூலகம்தான் கதி, அங்கேயும் அடைத்துவிட்டால் அது எங்கே போய்ப் பாதுகாப்பாகப் பழகக் கற்றுக்கொள்ளும் என்று கேட்டார்கள். வட கரோலைனாவின் சார்லட் நகர நூலகம் ஒரு படி மேலே போனது. ‘டீன் செகண்ட் லைஃப்’ என்று பதின்வயதினருக்கு மட்டுமான ஒரு முப்பரிமாண இணைய உலகம் இருந்தது. அதற்குள் ‘ஐ ஃபார் யூ அலையன்ஸ்’ என்று ஒரு தீவையே அமைத்து, நூலகர்களும் பிள்ளைகளும் பொம்மை உருவத்தில் சந்தித்துக்கொண்டார்கள். 2006 இல்! நம் வீட்டில் அப்போது டயல்-அப் மோடம் கத்திக்கொண்டிருந்தது. அந்த உலகத்தை அதன் நிறுவனம் 2010 முடிவில் மூடிவிட்டது, தீவும் போயிற்று. அது பரவாயில்லை. தீவு கட்டத் துணிந்தவர்களின் வாரிசுகள்தான் இன்றைக்கு ரீல் போடுகிறார்கள்.

இப்போது என் பேட்டைக்கு வருகிறேன். நான் இருப்பது புரூக்ளின். நியூயார்க் நகரத்தில் நூலக அமைப்புகள் மூன்று உண்டு என்பது வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. வாசலில் இரண்டு பளிங்குச் சிங்கங்கள் உட்கார்ந்திருக்கும் நியூயார்க் பொது நூலகம் மன்ஹாட்டன், பிராங்ஸ், ஸ்டேட்டன் தீவு மூன்றுக்கும். குயின்ஸுக்குத் தனி. புரூக்ளினுக்குத் தனி. எங்கள் தலைமை நூலகம் கிராண்ட் ஆர்மி பிளாசாவில், 1941 இல் திறந்தது. திறந்து வைத்த புத்தகத்தின் வடிவில் முகப்பு, பொன்முலாம் பூசிய சிற்பங்கள். சிங்கம் கிடையாது. இருக்கட்டும், அந்தச் சிங்கத்தை விடப் பெரிய வேலை ஒன்றை இவர்கள் செய்தார்கள்.

2021 இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் காதுக்கு எட்டியவரை நூலகங்களில் உள்ளவற்றை எதிர்த்து 729 புகார்கள். புத்தகம் புத்தகமாக எண்ணினால் 1,597. டெக்சாஸில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் சுமார் 850 புத்தகங்களின் பட்டியலைப் போட்டு, இவையெல்லாம் உங்களிடம் இருக்கிறதா என்று பள்ளிகளைக் கேட்டார். கறுப்பினத்தவர் வாழ்க்கை, பாலின அடையாளம் என்று எது வந்தாலும் வம்பு. இதையெல்லாம் பார்த்துவிட்டு புரூக்ளின் நூலகம் 2022 ஏப்ரலில் ‘புக்ஸ் அன்பேண்ட்’ என்று அறிவித்தது. அமெரிக்காவில் எந்த மூலையில் இருந்தாலும் சரி, 13 வயதிலிருந்து 21 வயதுக்குள் இருக்கிற யாருக்கும் புரூக்ளின் நூலகத்தின் மின்கார்டு இலவசம். மாநிலத்துக்கு வெளியே இருப்பவர்கள் அப்போது வழக்கமாக அதற்கு 50 டாலர் கட்டவேண்டியிருந்தது. அன்றைய கணக்கில் மூன்றரை லட்சம் மின்நூல், இரண்டு லட்சம் ஒலிநூல், நூறுக்கு மேல் தரவுத்தளங்கள்.

கார்டு எப்படி வாங்குவது என்றும் அறிவித்தார்கள். இங்கேதான் நான் துள்ளிக் குதித்தேன். மின்னஞ்சல் அனுப்பலாம், அல்லது நூலகத்தின் டீனேஜ் இன்ஸ்டாகிராம் கணக்குக்கு நேரடிச் செய்தி, அதாவது டிஎம், அனுப்பலாம் என்றார்கள்! ‘புரூக்ளின் ஃப்யூச்சர்’ என்று படிக்கவேண்டிய ஒரு சுருக்கப் பெயர் அதற்கு. அந்தக் கணக்கை நடத்தியதே பிள்ளைகள்தான். பெற்றோர் கையெழுத்து, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இரண்டு என்று ஒன்றும் கேட்கவில்லை. சிநேகிதிக்கு அனுப்புகிற மாதிரி ஒரு டிஎம்.

என் அக்கா டெக்சாஸில் இருக்கிறாள். அவள் மகளுக்கு அப்போது பதினாறு. அவள் பள்ளி நூலகத்தில் டோனி மாரிசனின் ‘த ப்ளூவெஸ்ட் ஐ’ இருந்த இடம் காலியாக இருந்தது. “பரிசீலனையில் இருக்கிறது” என்று சொன்னார்களாம். நோபல் பரிசு வாங்கிய எழுத்தாளர், 1970 இல் வந்த நாவல். இத்தனை வருடம் கழித்து என்ன பரிசீலனையோ! அவள் என்னிடம் புலம்பினாள். நான் இந்தக் கார்டைப் பற்றிச் சொன்னேன்.

“சும்மா சொல்லாதீங்க சித்தி. லைப்ரரிக்கு எப்படி டிஎம் பண்றது? யார் படிப்பா?”

“பண்ணித்தான் பாரேன்டி.”

“என்னன்னு எழுதறது? டியர் சார் போடணுமா?”

“உனக்கு என்ன புக் வேணும், ஏன் கிடைக்கலை, அதை எழுது போதும்.”

எழுதினாள். சில நாளில் பதில் வந்தது, கார்டு எண்ணும் வந்தது. எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள், கூடவே ஆச்சரியக்குறிகளாக ஒரு முழு வரி. ‘த ப்ளூவெஸ்ட் ஐ’ போன்ற சில புத்தகங்களுக்குக் காத்திருப்பு வரிசையே இல்லாமல் செய்து வைத்திருந்தார்கள். யார் எப்போது கேட்டாலும் உடனே திறக்கும். டீன் அட்டாவின் ‘த பிளாக் ஃபிளமிங்கோ’வும் அந்தப் பட்டியலில் உண்டு. அன்றைக்கு ராத்திரி அவள் தூங்கியிருக்க மாட்டாள் என்று அக்கா திட்டினாள். திட்டட்டும்! போனைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளை தூங்கவில்லை என்றால் அதற்குக் காரணம் டோனி மாரிசனாக இருக்கும் காலம் வந்திருக்கிறதே, அதற்கு நான் தேங்காய் உடைக்கவேண்டும்.

இதில் இன்னொரு கூத்து. ஓக்லஹோமாவில் நார்மன் என்ற ஊரில் சம்மர் பாய்ஸ்மியர் என்று ஓர் ஆங்கில ஆசிரியை. இனம், பாலினம் பற்றி வகுப்பில் என்ன பேசலாம் என்று கட்டுப்படுத்தும் சட்டம் அந்த மாநிலத்தில் வந்திருந்தது. 2022 ஆகஸ்டில் பள்ளி திறந்தபோது அவர் தன் வகுப்பறைப் புத்தக அலமாரியைச் சிவப்புக் காகிதத்தால் மூடினார். மாநிலம் நீங்கள் படிக்கவேண்டாம் என்று நினைக்கும் புத்தகங்கள் இவை என்ற பொருளில் மேலே எழுதினார். பக்கத்தில் புரூக்ளின் நூலகத்தின் மின்கார்டுக்கான க்யூஆர் கோடை ஒட்டிவிட்டார். அவ்வளவுதான்! புகார், விசாரணை, ராஜினாமா, 2024 இல் ஆசிரியர் சான்றிதழே பறிபோனது. ஆனால் அந்தச் சிவப்பு அலமாரியின் கதை நாடு முழுக்கப் பரவியது. கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் கொண்ட ஒரு சதுரத்தைப் பார்த்து ஓர் அரசாங்கம் பதறியது என்றால், அந்தச் சதுரத்துக்குள் ஏதோ இருக்கிறது என்று பிள்ளைகளுக்குப் புரியாதா? ‘படிக்காதே’ என்று சொல்வதைவிட நல்ல விளம்பரம் பதினாறு வயதுக்கு இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. பாய்ஸ்மியர் பிறகு புரூக்ளின் நூலகத்திலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

அந்த டீனேஜ் கணக்குக்காரர்களை நேரிலும் பார்த்திருக்கிறேன். ஒரு சாயங்காலம் தலைமை நூலகத்தில் இரண்டு அலமாரிகளுக்கு நடுவே இரண்டு பெண்களும் ஒரு பையனும் ரீல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கேமரா பிடிக்க நூலகர். அவருக்கு ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் அடையாள அட்டை. புத்தகத்தை ஒருத்தி தட்டிலிருந்து உருவவேண்டும், அந்த இடைவெளியில் மறுபக்கத்திலிருந்து பையனின் முகம் தெரியவேண்டும். அவன் ஒவ்வொரு தடவையும் சிரித்துவிட்டான். நூலகர், “புத்தகத்தின் பெயரை ஒருமுறை தெளிவாகச் சொன்னால் நன்றாக இருக்குமே” என்றார். இயக்குநர் பெண் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! “மிஸ், சொன்னால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். அட்டை மட்டும் தெரியட்டும், பெயரைக் கமெண்டில் கேட்பார்கள்.” நூலகர் வாயை மூடிக்கொண்டு போனை நேராகப் பிடித்தார்.

அந்த நூலகரைத்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. படித்த படிப்பையும் பதவியையும் ஓரமாக வைத்துவிட்டு, பதினேழு வயதுப் பெண் சொன்ன கோணத்தில் போனைப் பிடிக்க ஒரு மனசு வேண்டும். பிள்ளைகளுக்காகப் பெரியவர்கள் ‘யூத்’ மொழியில் எழுதும் பதிவுகளைப் பார்த்திருப்பீர்கள். கல்யாண வீட்டில் மாமா குத்தாட்டம் போட இறங்கின மாதிரி இருக்கும். கணக்கின் சாவியைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிட்டால் அந்தச் சங்கடமே இல்லை.

புரூக்ளின் நூலகம் இணையத்தை வீதிக்கு இழுத்துவந்த கதையும் ஒன்று உண்டு. 2023 ஜூலையில் ஒருநாள் அந்தப் பக்கம் போனால், நூலகத்தின் பிரம்மாண்டமான வளைந்த முகப்பு முழுக்க ஜே-ஸீயின் பாடல் வரிகள்! இதே புரூக்ளினின் மார்சி குடியிருப்பில் வளர்ந்த ராப் பாடகர். உள்ளே ‘த புக் ஆஃப் ஹோவ்’ என்ற கண்காட்சி, நுழைவு இலவசம். அதைவிடப் பெரிய தூண்டில், அவருடைய 13 ஆல்பங்களின் அட்டைப்படங்களோடு 13 விதமான நூலக கார்டுகள். இன்ஸ்டாவில் ஒரே கார்டு மயம். “எனக்கு இது கிடைத்தது, உனக்கு எது?” என்று பிள்ளைகள் கிரிக்கெட் வீரர் படம் சேர்ப்பதுபோல் சேர்த்தார்கள். நானும் வரிசையில் நின்றேன், வெட்கமே படாமல். எனக்கு முன்னால் நின்ற பையன் வாழ்நாளில் முதல் தடவை நூலகத்துக்குள் வருகிறான் என்பது, “பாத்ரூம் எங்கே, காசு கட்டணுமா?” என்று அவன் கேட்டதிலேயே தெரிந்தது.

காசு என்றதும் நினைவு வருகிறது. 2021 அக்டோபரில் நகரத்தின் மூன்று நூலக அமைப்புகளும் தாமத அபராதத்தை அடியோடு ஒழித்துவிட்டன. அதற்கு முன்னால் பாக்கி 15 டாலரைத் தொட்டால் கார்டு முடங்கிவிடும். டீனேஜ் பிள்ளைக்கு 15 டாலர் என்பது வீட்டில் சொல்லமுடியாத தொகை. சொல்லாமல் மறைத்து, நூலகம் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் இருந்துவிடும். அபராதத்தை வைத்துக்கொண்டு இன்ஸ்டாவில் எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசினாலும் என்ன பிரயோசனம்? முதலில் கதவைத் திறந்தார்கள், பிறகு கூப்பிட்டார்கள். இந்த வரிசை முக்கியம்.

அமெரிக்காவின் அந்தப் பக்கத்தில், கலிஃபோர்னியாவில், கட்டடமும் கண்காட்சியும் இல்லாமல் ஒரே ஒரு மனிதர் இதே வேலையைச் செய்துகாட்டினார். மைக்கேல் த்ரீட்ஸ். சொலானோ மாவட்ட நூலகத்தின் ஃபேர்ஃபீல்டு கிளையில் நூலகர். பம்மென்ற சுருட்டைமுடி, தாடி, கையெல்லாம் பச்சைகுத்தல். அதில் ஒன்று, ‘ஆர்தர்’ என்ற குழந்தைகள் கார்ட்டூனில் வரும் நூலக கார்டு! சின்ன வயதில் தான் கார்டு வாங்கிய நூலகத்திலேயே வேலைக்கு வந்தவர். 2023 இல் அவருடைய டிக்டாக், இன்ஸ்டா வீடியோக்கள் காட்டுத்தீயாகப் பரவின. வீடியோவில் ஒரு தந்திரமும் இருக்காது. நேராகக் கேமராவைப் பார்த்து, இன்றைக்கு நூலகத்துக்கு வந்த ஒரு சிறுவன் என்ன கேட்டான், ஒரு பாட்டி என்ன சொன்னார் என்று சொல்வார். சொல்லும்போதே அவருக்குத் தொண்டை அடைக்கும், நமக்கும் அடைக்கும். பதற்றமும் மனச்சோர்வும் தனக்கு உண்டு என்று மறைக்காமல் பேசுவார். நீ எப்படி இருந்தாலும் நூலகத்தில் உனக்கு இடம் உண்டு என்பதுதான் திரும்பத் திரும்ப அவர் சொல்வதன் சாரம். எத்தனை பிள்ளைகள் அதன் கீழே தங்கள் மனசைக் கொட்டியிருக்கிறார்கள்!

2024 தொடக்கத்தில் தன் மனநலத்தைக் கவனித்துக்கொள்ளவேண்டும் என்று சொல்லி நூலக வேலையை விட்டார். புகழின் கூடவே வந்த கேலியும் வசையும் கொஞ்சநஞ்சம் இல்லை. இணையத்தில் அன்பாக இருப்பதற்கும் விலை உண்டு போலிருக்கிறது. நூலகங்கள் தங்கள் ஊழியரின் முகத்தைக் கேமரா முன் நிறுத்தும்போது இதையும் யோசிக்கவேண்டும். பாராட்டை மட்டும் நூலகம் எடுத்துக்கொண்டு, திட்டை அந்த ஆள் வாங்கிக்கொள்வது நியாயம் இல்லை. நல்லவேளை, மனிதர் ஒடுங்கிப்போகவில்லை. 2025 இல் ‘ரீடிங் ரெயின்போ’ நிகழ்ச்சி மறுபடி உயிர்பெற்றபோது தொகுப்பாளர் இவர்தான். 1983 முதல் 2006 வரை லெவார் பர்ட்டன் நடத்தி, ஒரு தலைமுறையையே படிக்கவைத்த நிகழ்ச்சி. செய்தியைப் படித்தபோது என் சொந்தத் தம்பிக்குப் பதவி உயர்வு வந்த மாதிரி இருந்தது.

நம் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931 இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். அமெரிக்க நூலகப் பள்ளிகளில் இன்றைக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகர் உண்டு, அவரைக் கண்டுபிடித்துச் சேர்ப்பது நூலகத்தின் வேலை என்பது அதில் ஒன்று. வாசகர் தானாக நடந்து வரட்டும் என்று அவர் எங்கேயும் விட்டுவிடவில்லை. சைக்கிளும் மாட்டுவண்டியும் ஓடிய காலத்தில் சொன்னது, ரீல் ஓடும் காலத்துக்கும் அச்சுப் பிசகாமல் பொருந்துகிறது. அந்தக் கேமரா பிடித்த நூலகரிடம் நானே வலியப் போய், ரங்கநாதன் எங்கள் ஊர்க்காரர் என்று சொன்னேன். அவருக்கு விதிகள் ஐந்தும் மனப்பாடம். எனக்கு மூன்றுதான் நினைவில் வந்தது என்பதை இங்கே பதிவு செய்ய விருப்பமில்லை.

குறையே இல்லையா என்றால், உண்டு. இதெல்லாம் அடுத்தவன் இடத்தில் போட்ட கடை. மைஸ்பேஸ் தன்னிடம் பலர் ஏற்றிவைத்த பன்னிரண்டு வருடப் பாட்டுகளைத் தொலைத்துவிட்டதாக 2019 இல் கைவிரித்தது. டிக்டாக் 2025 ஜனவரியில் அமெரிக்காவில் ஒரு ராத்திரி அணைந்தே போய், மறுநாள் திரும்ப வந்தது. அந்த ராத்திரி எத்தனை நூலகர்களுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும்! அதுபோக, பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்கள் என்று குறிப்பெடுத்து விற்பதே அந்த நிறுவனங்களின் பிழைப்பு. வாசகர் என்ன படித்தார் என்பதை வெளியில் சொல்லாமல் காப்பதோ நூலகரின் தொழில் தர்மம். இரண்டும் ஒரே கூரையின் கீழ் எத்தனை நாள் இருக்கும் என்று எனக்கும் உறுத்தல் உண்டு. அதனால்தான் புரூக்ளின் வழி எனக்கு உசத்தி. இன்ஸ்டாவில் அறிமுகம் மட்டும். புத்தகம் வாங்குவதும் படிப்பதும் நூலகத்தின் கார்டில். நாளைக்கு இன்ஸ்டாவே இல்லாமல் போனாலும் நூலகத்தின் கார்டு செல்லும்.

புரூக்ளின் இதில் தனியாக நிற்கவில்லை. சியாட்டில் நூலகம் 2023 இல் சேர்ந்துகொண்டது. அங்கே 26 வயது வரைக்கும் கொடுத்தார்கள். பாஸ்டன், சான் டியாகோ, லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டம் என்று கூட்டணி பெருகியது. அந்தக் கார்டுத் திட்டத்தை நடத்திய புரூக்ளின் குழுவைத்தான் ‘லைப்ரரி ஜர்னல்’ இதழ் 2023 ஆம் ஆண்டின் நூலகர்களாகத் தேர்ந்தெடுத்தது. நான் நடுவராக இருந்திருந்தால் அடுத்த பத்து வருடத்துக்கும் சேர்த்து அவர்களுக்கே கொடுத்திருப்பேன்.

அமெரிக்காவில் உங்கள் அண்ணன் பிள்ளைகளோ அக்கா பிள்ளைகளோ அந்த வயதில் இருந்தால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். புரூக்ளின் நூலகத்தின் தளத்தில் ‘புக்ஸ் அன்பேண்ட்’ என்று தேடினால் வழி கிடைக்கும். ஒரே ஒரு வேண்டுகோள், நல்ல ஆங்கிலத்தில் எழுதித் தருகிறேன் என்று நீங்கள் உள்ளே புகுந்துவிடாதீர்கள். பிள்ளையே எழுதட்டும். என் அக்கா மகள் அனுப்பிய டிஎம்மில் டோனி மாரிசனின் பெயரே தப்பாக இருந்தது. கார்டு வந்துவிட்டது.